மர்த்தீனின் இங்கிலீஷும் கல்வராயன் மலையும்

மர்த்தீனை நான் நம்பாமல் போனதற்கு முதல் காரணம், டாக்டர் பரீட்சையை இரண்டு தடவை பாஸ் செய்திருக்கிறேன் என்று அவள் சொன்னதுதான். ஒரு தடவை பாஸ் செய்தவர்கள் எதற்காக மறுபடி பாஸ் செய்ய வேண்டும்? பாண்டியில் நான் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த டுடோரியலில் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப எழுதுகிறவர்கள் நிறைய உண்டு. பாஸ் ஆன பிறகும் ஆசையாக வந்து எழுதியவர் ஒருவரும் கிடையாது.

அவளுக்கு முப்பது வயதிருக்கும். பிரான்சில் ஏதோ ஒரு சின்ன ஊர். அந்த ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து கல்வராயன் மலையில் இருந்த ஒரு டிஸ்பென்சரிக்கு உதவி செய்துகொண்டிருந்தார்கள். ஓர் அறை, ஒரு மருந்து அலமாரி, வாரத்தில் சில நாள் கீழேயிருந்து வந்துபோகும் ஒரு நர்ஸ், அவ்வளவுதான் டிஸ்பென்சரி. அதைப் பார்த்துவிட்டு வரச்சொல்லி மர்த்தீனை அனுப்பியிருந்தார்கள். அவளுக்குத் தமிழ் தெரியாது, இங்கிலீஷ் கொஞ்சம் தெரியும். நான் ஒரு வருடமாகச் சாயங்கால வகுப்பில் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பு எடுத்தவர்தான் என்னை அவளோடு சேர்த்துவிட்டார். "வழியெல்லாம் பேசிக்கிட்டே போ. நீ இங்கிலீஷ் வார்த்தை சொல்லு, அவங்க பிரெஞ்சுல சொல்லட்டும். நாலு நாள்ல வாய் திரும்பிடும்" என்றார்.

பஸ் கிளம்பியதுமே அவள் தன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். "ஆக்சுவலி நான் ஓர் ஆஸ்பத்திரியில் செக்ரட்டரி" என்றாள். "டிஸ்பென்சரியைக் கன்ட்ரோல் பண்ண வந்திருக்கிறேன்" என்றாள். ஆக்சுவலி என்றால் உண்மையைச் சொல்லப்போனால் என்று அர்த்தம்; பிள்ளைகளுக்குப் பலகையில் எழுதிப் போட்டவள் நான். உண்மையில் செக்ரட்டரி என்றால், மற்றவர்களிடம் வேறு என்னவென்று சொல்லிக்கொள்கிறாள்? ஆஸ்பத்திரிக்கே செக்ரட்டரி என்றால் பெரிய பதவிதான். ஆனாலும் நம் மலையில் இருக்கும் டிஸ்பென்சரியைக் கன்ட்ரோல் பண்ண இவள் யார்? வெள்ளைக்காரர்கள் போய் இத்தனை வருடம் ஆன பிறகுமா?

இவற்றையெல்லாம் நான் கேட்கவில்லை. மனதுக்குள் போட்டுக்கொண்டேன்.

எதிர்ப்பட்டவர்களைப் பார்த்தெல்லாம் அவள் சிரித்தாள். காரணமில்லாமல் சிரிக்கிறவர்களிடம் எனக்கு எப்போதுமே ஒரு ஜாக்கிரதை உண்டு. விழுப்புரம் தாண்டி ஒரு சுவரில் வலித் தைலத்துக்கு இங்கிலீஷில் விளம்பரம் எழுதியிருந்தது. மர்த்தீன் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "ரொட்டிக்குத் தடவுகிற தைலமா?" என்று கேட்டாள். இங்கிலீஷில் வலிக்கு என்ன எழுத்தோ அதே எழுத்துதான் பிரெஞ்சில் ரொட்டிக்கு. ஆனால் வாயால் சொல்லும்போது ஏறக்குறைய 'பேன்' என்றாள். எழுத்தில் வலி, காதில் பேன், தட்டில் ரொட்டி. இப்படிப்பட்ட பாஷையை வைத்துக்கொண்டு பிழைக்கிறவர்கள் எப்படி நேராகப் பேசுவார்கள் என்று எனக்குத் தோன்றியது.

வெளிநாடு வந்திருந்தவள் அவள்தான். ஆனால் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வெளிநாட்டுக்காரியைப்போல விழித்தது நான். பாண்டியை விட்டு அத்தனை தூரம் தனியாக வந்தது அதுதான் முதல் தடவை. வெல்லம் காய்ச்சும் வாசனை எங்கிருந்தோ வந்தது. கடல் இல்லாத ஊரில் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதென்றே தெரியவில்லை. மர்த்தீனோ வேகவைத்த மரவள்ளிக்கிழங்கை வாங்கி, மிளகாய்ப் பொடியில் தோய்த்து, கண்ணில் நீர் வழியத் தின்றுகொண்டிருந்தாள்.

பேக்கரியில் வாங்கிய ரொட்டி இனித்தது. "ரொட்டி இனிக்கலாமா?" என்று அவள் முகம் சுளித்தாள். பாண்டி ரொட்டி தின்று வளர்ந்த எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் அவள் சொல்லிவிட்டாளே என்பதற்காக இனிப்பு ரொட்டியின் கட்சியில் நின்று வாதாடினேன். இது பல நாள் கெடாமல் இருக்கும் என்றேன். உங்கள் ஊர் ரொட்டியில் கெடாமல் இருக்க எதுவும் போடுவதில்லையா என்று பிரெஞ்சிலேயே கேட்க ஆசை வந்தது. அதற்குப் பிரெஞ்சு வார்த்தை தெரியாது. பிரிசர்வேட்டிவ் என்ற இங்கிலீஷ் வார்த்தையையே மூக்கால் இழுத்து, "பிரெசெர்வத்தீஃப்" என்று சொல்லிக் கேட்டேன்.

மர்த்தீன் குடித்துக்கொண்டிருந்த காபி மேசையெல்லாம் தெறித்தது. சிரித்தாள், நிறுத்தினாள், என் முகத்தைப் பார்த்து மறுபடி சிரித்தாள். ஏன் என்று கேட்டால் சொல்லவில்லை. என்னை மட்டமாக நினைக்கிறாள் என்று அன்று ராத்திரி முழுக்கக் கோபமாக இருந்தேன். பாண்டிக்குத் திரும்பிய பிறகு அகராதியைப் பார்த்தபோது காது சூடாகிவிட்டது. உங்கள் ஊர் ரொட்டியில் ஆணுறை போடுவார்களா என்று கேட்டிருக்கிறேன்.

ராத்திரி தங்கப்போன லாட்ஜில் மேனேஜர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். எண்பதுகளின் பின்பாதி அது. தங்கள் சாதிக்குப் படிப்பிலும் வேலையிலும் தனி ஒதுக்கீடு கேட்டு அந்தப் பக்கத்து மக்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். சாலை மறியல் வருகிறது, மரங்களை வெட்டிப் போடப்போகிறார்கள் என்று பஸ்ஸிலேயே பேச்சு அடிபட்டது. வெளியூர் முகம் எல்லாமே சந்தேக முகமாக இருந்த நேரம்.

"பேப்பர்காரங்களா?" என்று மேனேஜர் என்னிடம் கேட்டார். "வெள்ளக்காரங்கள இட்டாந்து போட்டோ புடிச்சிகினு போயி, நாங்கல்லாம் காட்டுமிராண்டின்னு எழுதறதுக்கா?"

"இல்லைங்க, மலையில டிஸ்பென்சரி பார்க்கப் போறோம்."

"இப்பப் போயா?" என்றார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. சாவியைக் கையில் தராமல் மேசைமேல் வைத்தார்.

மறுநாள் காலையில் பஸ் எதுவும் ஓடவில்லை. டிஸ்பென்சரிக்காரர்கள் ஏற்பாடு செய்திருந்த ஜீப் மட்டும் வந்தது. டிரைவர் அர்ச்சுனன் கள்ளக்குறிச்சிக்காரர்; நடுத்தர வயது, வெற்றிலை வாய். "ராத்திரியே மரத்த சாய்க்க ஆரம்பிச்சிட்டாங்க. போற வரைக்கும் போவலாம், வழி வுட்டா மேல, வுடலன்னா வூட்டுக்கு" என்றார்.

கச்சிராயபாளையம் போகிற சாலையில் கொஞ்ச தூரத்திலேயே முதல் புளியமரம் குறுக்கே கிடந்தது. இலைகள் இன்னும் வாடியிருக்கவில்லை. பிஞ்சுப் புளி தார்மேல் சிதறியிருந்தது. முப்பது நாற்பது ஆட்கள். அவர்களுக்கு நடுவே கையில் கோடாலியோடு ஒருவன் நின்றிருந்தான். அவன் பெயர் ஏழுமலை என்று மற்றவர்கள் கூப்பிட்டதிலிருந்து தெரிந்துகொண்டேன். என் வயதுதான் இருக்கும். சட்டைப் பையில் ஒரு பேனா.

"எறங்கு. யாரு நீங்க? எவன் அனுப்பினான்?" என்று அவன் அர்ச்சுனனிடம் கத்தினான். பிறகு மர்த்தீனைப் பார்த்துத் தயங்கி, என் பக்கம் திரும்பினான். "யாரும்மா இது?"

நான் பதில் சொல்வதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓர் ஆள் வந்தான். முழங்கால் வரை சேறு, தோளில் துண்டு. பெயர் சடையன், மலைக்காரன். மனைவிக்கு முந்தின நாளிலிருந்து பிரசவ வலி. நர்ஸை அழைத்துவர இறங்கி வந்திருக்கிறான். நர்ஸ் சேலம் பக்கம் எங்கோ மாட்டிக்கொண்டு வர முடியவில்லை. ஒரு வண்டி கொடுங்கள் என்று விடிந்ததிலிருந்து அங்கே ஒவ்வொருவரையும் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"இது டிஸ்பென்சரி ஜீப்புதான். எனக்குத் தெரியும்" என்றான் சடையன். "இந்தம்மா டாக்டரா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மர்த்தீனிடம் திரும்பி, "நீ டாக்டர் பரீட்சை பாஸ் செய்தவள்தானே?" என்று இங்கிலீஷில் கேட்டேன்.

"பாஸ் செய்திருக்கிறேன். ஆனால்..." என்று அவள் தொடங்குவதற்குள் ஏழுமலை, "பாஸா?" என்று அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டான்.

"பிரசவம் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரியில் பல பிரசவங்களுக்கு அசிஸ்ட் செய்திருக்கிறேன்."

அதைத் தமிழில் சொன்னேன், நான் பாண்டியில் டீச்சர் என்பதையும் சேர்த்து. ஏழுமலைக்கு முழு நம்பிக்கை வரவில்லை. "டாக்டர்னா பொட்டி எங்க?" என்றான். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. ஆனாலும் சடையன் என் கையைப் பிடித்துவிட்டான். அப்போது ஏழுமலைதான் அறிவோடு ஒன்று கேட்டான். "இப்டி செய்லாமா? ஜீப்பு மட்டும் மேல போயி அந்தப் பொண்ண இட்டுகினு வரட்டும். நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போயிடலாம். இல்ல, இந்தம்மாவே அங்க பாத்துப்பாங்களா? கரெக்டா கேட்டுச் சொல்லு."

நான் கரெக்டாகத்தான் கேட்டேன். "யூ கேன் அட்டெண்ட்?" என்று ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திக் கேட்டேன்.

"நிச்சயமாக" என்றாள் மர்த்தீன். "நான் அட்டெண்ட் செய்கிறேன். எவ்வளவு நேரமானாலும்."

"அங்கயே பாத்துப்பாங்களாம்" என்று சொன்னேன்.

ரம்பம் வந்தது. மரத்தின் தலைப்பக்கத்தை அறுத்து, கிளைகளை இழுத்துப் போட்டு, ஜீப் நுழையும் அளவுக்கு வழி செய்தார்கள். ஏழுமலையும் சேர்ந்து இழுத்தான். கையில் தோல் உரிந்து ரத்தம் வந்ததை வேட்டியில் துடைத்துக்கொண்டான். வண்டி நகரும்போது ஜன்னலருகே வந்து, "எங்களுக்கு யார்மேலயும் வெரோதம் இல்ல. படிச்சிட்டு வேல இல்லாம உக்காந்துகினு இருக்கறோம், அதக் கேக்கறோம். இதயும் அவங்களுக்குச் சொல்லு" என்றான். சொன்னேன். மர்த்தீன் தலையாட்டினாள். என்ன புரிந்துகொண்டாளோ.

கோமுகி அணையைத் தாண்டியதும் மலை ஏறத் தொடங்கியது. காற்று குளிர்ந்தது. இன்னொரு சமயமாக இருந்தால் அந்தப் பாதையைப் பற்றி நிறைய எழுதுவேன். அன்று நான் பார்த்ததெல்லாம் முன்னிருக்கையின் நுனியில் உட்கார்ந்திருந்த சடையனின் பின்கழுத்துதான். ஒவ்வொரு வளைவிலும் அவன் வண்டியைத் தள்ளுவதுபோலக் குனிந்தான்.

வீட்டு வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். கூரை தாழ்ந்த வீடு. உள்ளே செல்லி, சடையனின் மனைவி, முனகிக்கொண்டிருந்தாள். தலைப்பிரசவம். டாக்டரம்மா வந்தாச்சு என்று சடையன் கத்தியதும் பெண்கள் வழிவிட்டார்கள். மர்த்தீன் உள்ளே போனாள், செல்லியின் நெற்றியைத் தொட்டாள், அவளைப் பார்த்துச் சிரித்தாள், வெளியே வந்தாள். வாசலில் கிடந்த உரலின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

எங்களுக்குச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொடுத்தார்கள். வீட்டில் அப்படி ஒரு நிலைமை இருந்தும் விருந்தாளிக்குச் சோறு போடுகிறார்களே என்று நான் பாதியிலேயே கையை எடுத்துவிட்டேன். மர்த்தீன் வழித்துச் சாப்பிட்டாள். கையைக் கழுவிவிட்டு மறுபடி உரலில் உட்கார்ந்தாள். வெயில் உச்சியிலிருந்து சரிந்தது. உள்ளே முனகல் கத்தலாக மாறியது.

சடையனின் அம்மா வெளியே வந்து என்னெதிரே நின்றாள். "இன்னாம்மா, உங்க டாக்டரு தொட மாட்டாளா? எங்கள தொட்டா ஒட்டிக்குமா? புள்ள தல திரும்பல. எங்க கைல ஒண்ணும் இல்ல. அவ கல்லு மாதிரி குந்திகினு இருக்கறா."

 நினைத்தது சரிதான், இவள் எதையோ மறைக்கிறாள் என்று தோன்றியது. மர்த்தீனிடம் போய், "ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"அட்டெண்ட் செய்கிறேன்" என்றாள்.

"எதை?"

"குழந்தையை. நர்ஸையும். நர்ஸ் எப்போது வருவாள்?"

ஒரு விநாடி எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அந்த வார்த்தை இங்கிலீஷிலிருந்து கழன்று, நான் சாயங்கால வகுப்பில் மனப்பாடம் செய்த வரிசையில் போய் விழுந்தது. அத்தாந்த்ர். காத்திருத்தல். காலையிலிருந்து அவள் காத்திருக்கிறாள். அதைத்தான் நான் கேட்டேன் என்று நினைத்து ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

இங்கிலீஷை விட்டுவிட்டு என் அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டேன். "நீ டாக்டரா?"

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "நானா? இல்லை! இப்போதைக்கு ஓர் ஆஸ்பத்திரியில் டைப் அடிக்கிற செக்ரட்டரி."

"பரீட்சை பாஸ் செய்தேன் என்றாயே!"

"ஆமாம், இரண்டு தடவை பாஸே. இரண்டு தடவையும் தவறவிட்டேன்."

பாஸே என்றால் பிரெஞ்சில் பரீட்சை எழுதுவது. தேறுவது வேறு வார்த்தை. பல பிரசவங்களுக்கு அசிஸ்ட் செய்தேன் என்றது, பக்கத்தில் நின்று பார்த்தேன் என்பது. ஆக்சுவலி என்றது இப்போதைக்கு என்பது, கன்ட்ரோல் என்றது சரிபார்ப்பது. ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது. நான் மரத்தருகே என்ன சொன்னேன் என்று அவள் கேட்டாள். சொன்னேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நேரத்திலும், இது நடிப்போ என்று ஓரமாக ஓர் எண்ணம் எனக்கு ஓடியது. அவ்வளவு தூரம் சந்தேகப்பட்டுப் பழகியிருந்தேன்.

சடையனிடம் எப்படிச் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. அவன் அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் உள்ளே போய் செல்லியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அர்ச்சுனன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வண்டியைக் கிளப்பினார். பின்பக்கம் ஜமக்காளம் விரித்து செல்லியைக் கிடத்தினோம். மர்த்தீன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். இறங்குகிற வழி முழுவதும் செல்லி அவளுடைய மணிக்கட்டை நெரித்தபடி இருந்தாள். பாதி வழியிலிருந்து மர்த்தீன் பிரெஞ்சில் எதையோ மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஜபமா, தாலாட்டா, தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அடிவாரத்துக்கு இந்தப் பக்கம் வந்தபோது, காலையில் வழி செய்த இடத்தில் வேறொரு மரத்தைப் போட்டிருந்தார்கள். ஏழுமலை எழுந்து வந்தான்.

"இன்னா டீச்சர், கொயந்த பொறந்துச்சா?"

"இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போகணும். இவங்க டாக்டர் இல்ல."

அவன் என்னைப் பார்த்தான். "காலைல டாக்டர்னு சொன்ன."

"பாஸ் பண்ணேன்னு அவங்க சொன்னாங்க. அவங்க பாஷையில பாஸ் பண்றதுன்னா பரீட்சை எழுதறது. எழுதி ஃபெயிலாயிட்டாங்க. எனக்கு அது தெரியல."

சொல்லச் சொல்ல எனக்கே அது கட்டுக்கதையாகக் கேட்டது. "கத வுடறா" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். "போலீசு ஆளுங்கண்ணே இது. மேல எத்தினி மரம் கிடக்குது, எத்தினி பேரு இருக்கறோம்னு பாத்துகினு போறாங்க. ஜீப்ப வுடாத."

சடையன் இறங்கி வந்தான். "டாக்டரோ டுபாகூரோ, எனக்குத் தெரியாதுங்க. எம் பொஞ்சாதி செத்துகினு இருக்கறா" என்றான்.

ஏழுமலை ஜீப்பின் பின்பக்கம் போய்ப் படுதாவைத் தூக்கிப் பார்த்தான். பிறகு கோடாலியை மரத்தின்மேல் சாத்திவிட்டு, ஆட்களைக் கூப்பிட்டான். மரத்தை அறுக்க நேரமில்லை. ஜீப்பை ஓரத்து வாய்க்காலில் இறக்கி, ஆட்கள் தோள் கொடுத்து வயல் வழியாகத் தூக்கி அந்தப் பக்கம் ஏற்றினார்கள். செல்லி கத்தினாள். ஏழுமலையும் ஏறிக்கொண்டான்.

"அண்ணே, டவுன்ல போலீசு நிக்குது. போவாத" என்றான் ஒருவன்.

"தெரியும். இவங்க போன பின்னால வழியில இன்னும் மூணு எடத்துல மரம் சாச்சிருக்குது, நான் இல்லன்னா வுட மாட்டானுங்க" என்ற ஏழுமலை, என் பக்கம் திரும்பினான். "அதோட, உன்ன நம்பி ஒண்ணும் வரல. இந்த வண்டி ஆஸ்பத்திரிக்குத்தான் போவுதான்னு என் கண்ணால பாக்கணும்."

ஒவ்வொரு மரத்தருகிலும் அவன் எழுந்து நின்று கை காட்டினான். வழிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் செல்லியை ஸ்ட்ரெச்சரில் வைத்து உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது. ஏழுமலை வாசல் படியில் நின்று அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பியபோது போலீஸ்காரர்கள் இருவர் அவன் பின்னால் நின்றிருந்தார்கள். யாரோ அடையாளம் சொல்லியிருக்கிறார்கள். யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏழுமலைக்கு மட்டும் தெரிந்துவிட்டது. வேனில் ஏறும்போது என்னைப் பார்த்து, "நெனச்சாப்லயே செஞ்சிட்ட டீச்சர்" என்றான்.

நான் இல்லை, நான் இல்லை என்று கத்தினேன். வேன் போய்விட்டது.

விடிந்தபோது ஆயுதம் போட்டு எடுத்ததில் ஆண் குழந்தை பிறந்திருந்தது. தலையில் ஒரு பக்கம் கன்றியிருந்தது, ஆனால் வீறிட்டு அழுதது. செல்லிக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், பிழைத்துவிடுவாள் என்றார்கள். சடையன் மர்த்தீனைக் குழந்தையின் பக்கத்தில் விடவில்லை. அவள் எட்ட நின்று பார்த்தாள். வாசலுக்கு வந்ததும் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த மனிதனுக்காக நாம் போலீசுக்குப் போக வேண்டும்" என்றாள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் எங்களைக் கண்டதும் மகிழ்ந்தார். நாற்காலி போடச் சொன்னார். அது ஏன் என்று எனக்கு உடனே புரிந்தது. "வெளிநாட்டுக்காரங்க நேர்ல பாத்த சாட்சின்னா கேஸ் நிக்கும்" என்று ரைட்டரிடம் சொன்னார். ஏழுமலை சட்டையில்லாமல் மூலையில் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"மரத்தை வெட்டிப் போட்டது இவன்தானான்னு கேளும்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் இங்கிலீஷில் ஆரம்பித்தேன். மர்த்தீன் கையைக் காட்டி நிறுத்தினாள். "வேண்டாம். உனக்கும் எனக்கும் நடுவில் இனிமேல் இங்கிலீஷ் வேண்டாம். பிரெஞ்சில் கேள், மெதுவாகச் சொல்கிறேன்" என்றாள். கேட்டேன். அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஆமாம், அந்தக் கூட்டத்துக்கு இவன்தான் தலைவன். இவன் கையில்தான் கோடாலி இருந்தது. எங்களைப் பார்த்துக் கத்தினான். ஆனால் அந்தப் பெண்ணுக்காக மரத்தை இழுத்ததும் இவன்தான். பிடிபடுவோம் என்று தெரிந்தே எங்களோடு வந்தான். இவன் இல்லையென்றால் அவள் இறந்திருப்பாள். இதை எல்லாம், ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

ஒரு வருடம் படித்த பிரெஞ்சில் முதல்தடவையாக ஒரு வார்த்தைகூட எனக்குத் தப்பவில்லை. முழுவதும் உண்மை. அதன் முதல் பாதியைச் சொன்னால் போதும், ஏழுமலை ஜெயிலுக்குப் போய்விடுவான்.

"இவங்க பார்த்தப்ப இவர் மரத்தை இழுத்து ஓரம் போட்டுக்கிட்டிருந்தாரு சார்" என்றேன். "கூடவே வந்து ஆஸ்பத்திரியில சேர்த்தாரு. அவ்வளவுதான் சார் பார்த்தாங்களாம்."

ரைட்டரின் பேனா நின்றது. இன்ஸ்பெக்டர் என்னையே பார்த்தார். "இவ்வளவு நேரம் பேசினாங்களே. இத்தினியூண்டுதானா?"

"பிரெஞ்சு அப்படித்தான் சார். சின்ன விஷயத்துக்கே நிறைய வார்த்தை வேணும்."

"கையில கோடாலி இருந்துச்சான்னு கேளு."

நான் மர்த்தீனிடம் திரும்பி, "இவன் நம்மை அடித்தானா?" என்று பிரெஞ்சில் கேட்டேன்.

"நோன்! ஜமே!" என்று அவள் இல்லையெனப் பலமாகத் தலையை ஆட்டினாள். அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. இன்ஸ்பெக்டரின் கண் அவள் முகத்திலிருந்து என் முகத்துக்கும், என் முகத்திலிருந்து அவள் முகத்துக்கும் போய் வந்தது. அவர் நம்பவில்லை. ஆனால் அவரிடம் வேறு பிரெஞ்சுக்காரர் யாரும் இல்லை.

மத்தியானம் ஏழுமலையை வெளியே விட்டார்கள். நாங்கள் எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். அவன் சட்டையை மாட்டிக்கொண்டே சாலையைக் கடந்து நேராக எங்களிடம் வந்தான். நான் எழுந்து நின்றேன்.

"உள்ள நீ சொன்னது கேட்டுச்சு" என்றான். "நேத்து காலைல டாக்டர்னு ஒண்ணு சொன்ன. சாயந்தரம் டாக்டர் இல்லன்ன. இப்ப இப்டி ஒண்ணு சொல்ற. நீ சொல்றதுல எதுதான் டீச்சர் நெசம்? யாரு ஆளு நீ?"

பதில் வரும் என்று அவன் காத்திருக்கவில்லை. பஸ் ஓடாத சாலையில் கச்சிராயபாளையம் பக்கமாக நடக்க ஆரம்பித்தான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்ன சொன்னார்?" என்று மர்த்தீன் கேட்டாள்.

"நன்றி சொன்னார்" என்றேன்.

அவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். போய்க்கொண்டிருந்தவனின் முதுகைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிற மர்த்தீன், அப்போது சிரிக்கவில்லை.